தலைவலி மட்டும் போயிற்று

ஆறு வருஷம் காத்திருந்து என் புருஷன் லாக்லனுக்குப் பெரிய லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. இரும்புத்தாது ஏற்றுகிற லாரி. சக்கரமே ஆளைவிட உயரம். இன்று காலை முதல்முறையாக ஸ்டீயரிங் பிடிக்க வேண்டியவன், நேற்று சாயங்காலம் அதைக் கொண்டாடுகிறேன் என்று மூக்குமுட்டக் குடித்துவிட்டான். இவனைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாடு இருக்கிறதே!

சுரங்கத்துக்குப் பஸ் ஏறுமுன் எல்லோரும், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கிற கருவியில் ஊத வேண்டும். போன வருஷம் ஒருமுறை மாட்டினான். இன்னொருமுறை மாட்டினால் வேலை போச்சு. அடுத்த விமானத்தில் பெர்த் நகரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சுரங்கத்து ஆட்கள் தங்குகிற முகாமில் எனக்குச் சமையல் வேலை. விடிந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றான்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டுப் படு. லாரி நாளைக்கும் அங்கதான் நிக்கும்."

கேட்டானா? அதற்குள் அவன் கூட்டாளி ராஸ்கோ வந்துவிட்டான். முகாமில் எவன் குடித்தாலும் மறுநாள் வைத்தியம் பார்க்கிற மகா மேதை.

"விடு மெர்ல், கொஞ்ச நேரத்துல ஆளை நிமித்திடுறேன்" என்றான் என்னிடம்.

பச்சை முட்டையில் வூஸ்டர் சாஸை ஊற்றிக் குடிக்க வைத்தான். வெஜிமைட் என்கிற உப்புக் களிம்பை அப்பி ரெண்டு டோஸ்ட். போதாததற்கு, பன்றிக்கறியும் முட்டையும் பொரித்து பன்னில் வைக்கச் சொல்லி என்னையே ஏவினான். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்துக் கொடுத்தேன். கடைசியில் குழாயடியில் தலையைக் காட்டச் சொல்லி, மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டான்.

"வேர்வையில எல்லாம் போயிடும் மச்சான்!"

"குடிச்சது ரத்தத்துல இருக்குடா, தோல்லயா இருக்கு?" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது?

எரிச்சல் என்னவென்றால், லாக்லன் நிஜமாகவே தெளிந்துவிட்டான். முகத்தில் களை வந்துவிட்டது. பாட்டு வேறு முணுமுணுத்தான்.

"பாத்தியா? உனக்குத்தான் எதுலயும் நம்பிக்கை கிடையாது."

கையைத் துடைத்துக்கொண்டு நானும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னாலேயே போனேன். ராஸ்கோ முதலில் ஊதினான். பூஜ்யம். அடுத்து லாக்லன் ஊதினான். கருவி கீச்சென்று கத்தியது. சற்று உட்காரவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். மறுபடியும் அதே கத்தல்.

லாக்லன் ராஸ்கோவைப் பார்த்தான். "நீயும் என்கூடத்தானேடா குடிச்ச?"

"நான் ரெண்டு பீர் கேனோட நிறுத்திட்டேன் மச்சான். அப்புறம் வெறும் லெமனேடுதான்."

"அப்போ உன் வைத்தியம்?"

"தலைவலிக்கு நல்லாக் கேக்கும்..."

அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது. ஊதவைத்த பெண் லாக்லனின் அடையாள அட்டையைக் கேட்டுக் கை நீட்டினாள். இவன் கொடுக்காமல் கெஞ்சினான்.

"தலை வலிக்கவே இல்லம்மா, சத்தியமா!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"வலிச்சிருந்தா படுத்திருப்பியே, பாவி மனுஷா! வேலையாவது மிஞ்சியிருக்குமே!"