மசித்த காலிஃபிளவர்

அந்த ரொட்டிக் கடையில் அவருக்குப் பெயர் 'நாக்கு'. கூப்பிடுவதற்கு அப்படியொன்றும் அழகான பெயரில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக அந்த நாக்கை நம்பித்தான் கடை நடக்கிறது. அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஈட்டிலும் முதல் ரொட்டியை அவர்தான் பிய்த்து வாயில் போடுவார். மென்று, கண்ணை மூடி, "உப்பு ஒரு சிட்டிகை குறையுது" என்றால் குறைந்திருக்கும். "இது பழைய மூட்டை மாவு" என்றால் மாவு பிசைகிறவர் தலையைச் சொறிவார். இவர் தலையாட்டிய பிறகுதான் மற்ற ரொட்டிகள் கடையின் முன்பக்கம் போகும்.

அந்த நாக்கின் தலையில் ஒருநாள் இடி விழுந்தது.

தங்கைக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. கண்ணெல்லாம் மஞ்சள், காலில் வீக்கம், வயிற்றில் நீர். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோனவர். தங்கை செய்துகொண்டு, புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். ஈரலில் ஒரு துண்டு வெட்டிக் கொடுக்க அவளுக்கு இந்த உலகத்தில் வேறு ஆளில்லை. ரத்தம் பொருந்தியது. மற்றதும் பொருந்தியது. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டரம்மாதான் உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. இப்படியே எடுத்து வச்சா ரெண்டு பேருக்கும் ஆபத்து. ஆறு வாரம் தர்றேன். ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கூடாது. முட்டை, மீன், கீரை, இந்த மாதிரி சாப்பிட்டு எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க."

"டாக்டர், நான் ரொட்டிக் கடையில வேலை பார்க்கிறேன்."

"வாயை மூடிட்டு வேலை பாருங்க."

"வாயைத் திறக்கிறதுதான் டாக்டர் என் வேலையே."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். இவருக்கும் சிரிப்பு போய்விட்டது.

மறுநாளிலிருந்து முதல் ரொட்டியை மென்று ஒரு டப்பாவில் துப்பினார். பசித்தால் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். குடித்தார். பசி நீச்சல் கற்றுக்கொண்டது. எப்பேர்ப்பட்ட ஆசையும் இருபது நிமிஷத்தில் அடங்கிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொல்லி அனுப்பியிருந்தாள். பாவம், ரொட்டி வேகவும் இருபது நிமிஷம்தான் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு ஆசை அடங்கும்போது அடுத்த ஈடு அடுப்பிலிருந்து இறங்கும்.

"என்ன நாக்கு, ஒரே துப்பலா இருக்கு? மசக்கையா?" என்றார் மாவு பிசைகிறவர். "எத்தனை மாசம்?"

"மாசமெல்லாம் இல்ல. ஆறு வாரம்தான்."

வீட்டில் தங்கை சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க அவருக்காகக் காலிஃபிளவரை வேகவைத்து மசித்து வைப்பாள். "நீ போய்ப் படு" என்றால் கேட்கமாட்டாள். அந்த ஒரு கிண்ணம்தான் அவருடைய நாளைத் தூக்கி நிறுத்தியது. வழித்துத் தின்றார்.

எடை மூன்று கிலோ இறங்கியது. அதற்குமேல் இறங்க மறுத்தது.

ஆறாவது வாரக் கடைசியில் டாக்டரம்மா புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நிஜமா வேற எதுவும் சாப்பிடலையே?"

"இல்ல டாக்டர்" என்றார். இந்தப் பதிலை அவர் மெல்லக்கூட இல்லை, அப்படியே துப்பினார்.

"இன்னும் நாலு வாரம் பார்க்கலாம்." தங்கையை நர்ஸ் வெளியே அழைத்துப் போகும்வரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்கு நாலு வாரம் இருக்கான்னு என்னால உறுதியா சொல்ல முடியல."

கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை.

வீடு வந்ததும் தங்கை நேராகச் சமையலறைக்குப் போனாள். அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து, பழைய துணிக்கு அடியிலிருந்து, ஒரு பையை இழுத்து அவர் முன்னால் கவிழ்த்தாள். உருளைக்கிழங்குகள் தரையில் ஓடின.

"அண்ணா, உன் கிண்ணத்துல பாதி இதுதான். முதல் வாரத்துல இருந்தே."

அவர் தன் காலடியில் உருண்டு வந்து நின்ற கிழங்கைப் பார்த்தார்.

"உன் வயித்தைக் கிழிச்சு எனக்கு வைக்கணுமா? உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யாரைத் திட்டிட்டு உட்கார்ந்திருப்பேன்? எடை குறையலன்னா அவங்களே வேண்டாம்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். இன்னைக்கு அந்த அம்மா சொன்னது காதுல விழுந்துச்சு." அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கு பயமா இருக்கு அண்ணா. சாக பயமா இருக்கு. என்னை மன்னிச்சிடு."

மன்னித்துவிடலாம். அது சுலபம். 'போனா போகுது விடு' என்று அவள் தலையைத் தடவினால் கடைசிவரை பெரிய மனுஷனாக இருந்துவிடலாம். அவர் குனிந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"உப்பு ஒரு சிட்டிகை குறைஞ்சாலே கண்டுபிடிக்கிறவன் நான்" என்றார்.

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "தெரியுமா?"

"ரெண்டாவது நாளே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ."

அவள் அவரையே பார்த்தாள். "அடப்பாவி! அண்ணனை ஏமாத்துறோமேன்னு தினம் அழுதுட்டே மசிச்சேன். நீ வழிச்சுத் தின்னுட்டு ஏப்பம் விட்டிருக்க!"

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். வயிறு வலித்தது போலிருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு அது சிரிப்பாக இல்லை. ரொட்டியைத் துப்பத் தெரிந்தவனுக்குத் தங்கை கொடுத்ததைத் துப்பத் தெரியவில்லை என்று சொல்ல நினைத்தார். அது பசியைவிடக் கேவலமான சாக்காகத் தோன்றியது.

உருளைக்கிழங்குகளைப் பொறுக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, காலிஃபிளவரை அவரே வேகவைத்தார். மசித்தார். அவளுக்கு உப்பு ஆகாது என்பதால் இரண்டு கிண்ணத்திலும் உப்பில்லை.

முதல் கரண்டியை வாயில் வைத்தபோது பழக்கத்தில் கண் மூடிக்கொண்டது. ஈரத்துணியை மென்றால் இப்படித்தான் இருக்கும்.

"தலையாட்டு" என்றாள் தங்கை, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி. "நீ ஆட்டினாத்தான் நான் சாப்பிடுவேன்."

அவர் தலையாட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தலை பொய்யாக ஆடியது அன்றைக்குத்தான்.

அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டாள். அவர் தன் கிண்ணத்தைக் கடைசிவரை சாப்பிட்டார்.