கண்ணாடிக்குள் ஒரு பிடி சாம்பல்

ஆண்ட்வெர்ப்பில் எங்கள் யூத அருங்காட்சியகத்தின் வாசலில், மழையில் குடையோடு நின்றார் லெய்சர் ராப்பபோர்ட். நாஜி முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். உள்ளே நாற்பது பள்ளிப் பிள்ளைகள் அவர் பேச்சுக்காகக் காத்திருந்தார்கள். வருடா வருடம் முற்றத்தில் நின்றுதான் பேசுவார். இன்று மழை. மூன்றாவது தடவையாக வாசலுக்கு ஓடினேன்.

“உள்ள வாங்க ஐயா, கெஞ்சிக் கேக்கறேன்.”

“நான் ஒரு கோஹன், அம்மா. எருசலேம் கோயில் குருக்கள் வம்சம். பிணம் இருக்கிற கூரைக்குக் கீழ வரக்கூடாது. பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வா.”

“நனைஞ்சா அவங்க அம்மாங்க என்னைத் தின்னுருவாங்க! பிணம் எங்க இருக்கு? முகாம்லேர்ந்து வந்த ஒரு பிடி சாம்பலும் ரெண்டு எலும்புத் துண்டும்தானே?”

“அதான் பிணம்.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அதுக்குப் பேர் இல்ல, ஊர் இல்ல, எடுத்துப் புதைக்கக்கூட நாதியில்ல. அதைப் பாத்தா பயமா?”

அவர் குடையை மடக்கினார்.

“நாதியில்லாத பிணத்தைக் கண்டா, கோஹனா இருந்தாலும் தன் கையால எடுத்துப் புதைக்கணும். அதுவும் எங்க சட்டந்தான். பத்து வருஷமா வெளியவே நின்னேனே, நான் ஒரு முட்டாள்!”

ஈரக் காலோடு உள்ளே நடந்தார். எழுந்து நின்ற பிள்ளைகளைப் பார்க்கவேயில்லை. நேரே சாம்பல் இருந்த கண்ணாடிப் பெட்டியின் முன் போய் நின்றார்.

“பேச்சு அப்புறம். இதைத் திற.”

“ஐயா, அது காட்சிப் பொருள்...”

அவர் கோட்டைக் கழற்றித் தரையில் விரித்தார். நாற்பது பிள்ளைகளும் என் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார்கள்.