பத்து மில்லி செகண்ட்

பெரியவளுக்குக் கோபம் வந்தால் கீபோர்டுதான் அடி வாங்கும். அன்று காலையிலிருந்து அது வாங்கிக்கொண்டே இருந்தது, பாவம்.

எதிரே மேஜைமேல் பேசும் டப்பா. தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரலே போய்விட்ட தங்கைக்காக அவள் தன் ஆபீசிலேயே செய்துகொடுத்தது. எழுத்தைத் தட்டினால் பேசும். பேசத்தான் செய்தது, ஆனால் நடுநடுவே 'டிக், டிக்' என்று அறுந்து, திக்கித் திணறி. இரண்டு மாதமாகச் சின்னவள் அதோடுதான் ஊர் சுற்றுகிறாள். இன்று மூன்று மணிக்குத் தலைமையாசிரியை அவளை வரச்சொல்லியிருந்தாள். டப்பாவை வைத்துப் பாடம் நடத்திக் காட்டினால் பழைய வகுப்பு திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலைதான்.

"உங்க சவுண்ட் சிப்தான் சார் சொதப்புது!" என்று போர்டுக்காரர்மேல் பாய்ந்தாள். டப்பாவின் சர்க்யூட்டெல்லாம் அவர் பொறுப்பு.

"அதை ரெண்டு மாசம் முன்னாடியே மாத்திட்டேன்மா. உன் புரோகிராமைப் பாரு."

"என் புரோகிராமா? நல்லா இருக்கே கதை! எப்பெப்போ அறுபடுதுன்னு நேரத்தோட பதிவாகியிருக்கு. இந்தாங்க, கண்ணால பாருங்க."

"சரி, பேச்சைச் சேத்து வைக்கிற பஃபரைப் பெரிசாக்கிடு. திக்காது."

"பெரிசாக்கினா பேச்சு முக்கால் செகண்ட் லேட்டா வரும். டீச்சர் 'சும்மா இருங்க'ன்னு சொல்றதுக்குள்ள பசங்க பெஞ்சுமேல ஏறிடுவாங்க!"

"உன்கிட்ட மனுஷன் பேச முடியாது தாயே," என்று கும்பிடு போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

ஒரு மணிக்குச் சின்னவள் வந்து நின்றாள். உட்காரக்கூட இல்லை, தட்டினாள்.

"அக்... டிக்... கா, சரி ஆயி... டிக்... டுச்சா?"

"இல்லடி. என் தலையைத் தின்னாதே."

சின்னவள் மேஜையில் ஓங்கி ஒரு அறை விட்டாள். கோபத்தைக்கூட முழுசாகக் காட்ட விடாத டப்பா. பேச வைக்காமல், தட்டியதைத் திரையிலேயே திருப்பிக் காட்டினாள்: 'ஏன் திக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.'

"தண்ணித் தொட்டி மாதிரி வச்சுக்கோ. அடியில குழாய் எப்பவும் திறந்தே இருக்கு, அதான் ஸ்பீக்கர். பத்து மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ஒருத்தன் குடத்தால ஊத்தணும். லேட்டா வந்தான்னா தொட்டி வத்திடும். டிக்."

'அவன் ஏன் லேட்டா வர்றான்?'

"அதைக் கண்டுபிடிக்கத்தான் அவன் கையிலயே நோட்டைக் கொடுத்திருக்கேன். ஒவ்வொரு குடத்துக்கும் நேரத்தை மெமரி கார்டுல எழுதி வச்சுட்டுத்தான்..."

வாய் அப்படியே நின்றது. கார்டில் ஒரு தடவை எழுதச் சில சமயம் நாற்பது மில்லி செகண்டாகும். அதுவரை ஊற்ற வேண்டியவன் எழுதிக்கொண்டிருப்பான், தொட்டி காய்ந்து கிடக்கும். பழைய சிப் சொதப்பிய நாளில், அப்படி எழுதச் சொல்லும் வரியைப் புரோகிராமில் போட்டவள் இவள். அதே வாரம் போர்டுக்காரர் சிப்பை மாற்றிவிட்டார். வரி மட்டும் இருந்துவிட்டது.

அடச்சீ! அந்த ஒரு வரியை அழித்து டப்பாவில் ஏற்றினாள். முகம் எரிந்தது.

"என் தப்புதான்டி. சோதனைக்குப் போட்ட வரி. எடுக்க மறந்துட்டேன்."

சின்னவள் வெகுநேரம் தட்டினாள்.

"ரெண்டு மாசமா கடையில, பஸ்ஸுல, சொந்தக்காரங்க முன்னாடி நான் திக்கினேன். பாவம்னு பார்த்தாங்க, சிரிச்சாங்க. நீ ஊர்ல இருக்கிற எல்லாரையும் திட்டினே. ஒரு தடவையாவது உன்னைச் சந்தேகப்பட்டியா அக்கா?"

ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. எங்கேயாவது ஒரு 'டிக்' வராதா என்று பெரியவள் காத்துக்கொண்டிருந்தாள்.