சிவப்புப் படங்கு

அலுவிகாரையில் மெயின் ரோட்டோரம் உதயராஜ் வைத்திருந்த மரக்கறிக் கடைக்கு மேலே செக்கச்செவேலென்று ஒரு படங்குச் சீலை. வெயிலுக்காகக் கட்டியது என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்த ஆள். தம்புள்ளைச் சந்தையிலிருந்து வெளிறிப்போய் வரும் தக்காளி அந்தப் படங்குக்குக் கீழே வந்ததும் கனிந்த பழமாகத் தெரியும். "கண்ணுதாங்க வாங்குது, கை சும்மா பின்னால போகுது" என்பான், பெரிய ஞானி மாதிரி. கண் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் அவனுக்கு.

அவன் மனைவி கமலாட்சிக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். உடம்பெல்லாம் அரிப்பு. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தாள்.

"ஏங்க, ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவோமா?"

உதயராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது, நன்றாகத்தான் பார்த்தான்.

"ஒனக்கு என்ன கொறச்சல்? கல்யாணப் பொண்ணு மாதிரி மொகம் செவந்து கெடக்கு. ஒரு பனடோல் போட்டுட்டு இரு."

அவளும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விடியுமுன் கடை திறந்தால் இருட்டிய பிறகுதான் வீடு. வீட்டில் பழைய மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் சுவரும் மஞ்சள், சோறும் மஞ்சள், மனுசரும் மஞ்சள். பகலெல்லாம் படங்குக்குக் கீழே. வெறும் வெளிச்சத்தில் அவன் அவளைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ.

ஒருநாள் உச்சி வெயிலில் வாடிக்கைக்காரி உம்மு குல்தூம் வந்து, பையைக் கவிழ்த்துத் தக்காளியைப் பலகையில் கொட்டினாள்.

"இங்க செவப்பு, ஊட்டுக்குக் கொண்டு போனா வெளிறிப் போய் ஈக்குது. என்ன வித்தை மொதலாளி இது?"

"பழம் நல்ல பழம்தாங்க. ஒங்க ஊட்டு வெளிச்சம் சரியில்ல."

"அப்ப நீங்களே வெயில்ல வச்சுப் பாருங்க."

உதயராஜ் அசையவில்லை. சண்டை முற்றிவிடுமென்று பயந்து கமலாட்சிதான் ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். ரோட்டோரம் நின்று அதைத் தூக்கிப் பிடித்தாள்.

பழம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் யாரும் பழத்தைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கை, கழுத்து, கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சள் கரைத்து ஊற்றியது போல் இருந்தன.

உம்மு குல்தூம் தக்காளியை மறந்தே போனாள். "தங்கச்சிக்குச் செங்கமாரி. பக்கத்துலயே இருந்தும் ஒங்களுக்குக் கண் தெரியல்லயா?"

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துக் கண்டிக்கு அனுப்பினார்கள். பித்தக் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி, ஈரலுக்கும் பரவியாயிற்று. "இவ்வளவு மஞ்சளாகுற வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். படங்கு கட்டி வைத்திருந்தேன் என்றா சொல்வான்? வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்த அன்றே படங்கை அவிழ்த்துக் கொல்லையில் எறிந்தான். கமலாட்சி வீட்டில் படுக்க மாட்டேன், கடையில்தான் இருப்பேன் என்றாள். வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் பாதிப் பேச்சில் நிறுத்தினார்கள். சிலர் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"ஏங்க, அந்தப் படங்கத் திரும்பக் கட்டுங்க" என்றாள்.

"அது வேணாம் கமலா."

"தக்காளிக்கு இல்ல, எனக்கு. எல்லாரும் செத்தவளப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. இருக்குற வரைக்கும் மனுசி மாதிரி இருந்துட்டுப் போறேனே."

கட்டினான். வேறென்ன செய்வான் பாவி. அன்று பின்னேரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வாடிக்கைக்காரி ஒருத்தி, "அக்கா, இப்ப நல்லாத் தேறிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கமலாட்சிக்கு அப்படியொரு சந்தோஷம்.

"நெசமாவா? நீங்க சொல்லுங்க, எப்பிடி இருக்கேன்?"

உதயராஜ் பார்த்தான். தக்காளி சிவப்பு, தராசு சிவப்பு, அவன் கைகூடச் சிவப்பு. அவள் முகம் மட்டும் அவனுக்கு மஞ்சளாகத்தான் தெரிந்தது.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க" என்றான்.