பெயர் பொறிக்காத நட்சத்திரம்

போட்ட கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார் எர்னஸ்ட் க்ராப்ட்ரீ. ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தார். மூடிவிட்டு மறுபடியும் கோட்டைப் போட்டுக்கொண்டார்.

"குட்டி போட்ட பூனை மாதிரி எதுக்கு இப்படி அலையறீங்க? ஊர்வலம் உங்கள விட்டுட்டா போயிடும்?" என்றாள் மனைவி ஈடித்.

கோட்டின் இடது மார்பில் முதல் உலகப்போரின் மூன்று பதக்கங்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் அவர் பெயரும் படை எண்ணும் இருந்தன. இரண்டாம் போரின் பதக்கங்கள் அட்டைப்பெட்டியில் தபாலில் வந்தபோது பிரிக்காமலே அலமாரிக்குள் போட்டுவிட்டார். வயதைக் குறைத்துச் சொல்லி, மகன் க்ளிஃப் சேர்ந்த அதே மாதத்தில் அவரும் மறுபடி பட்டாளத்தில் சேர்ந்திருந்தார். நாற்பதாம் ஆண்டு இருவரும் பிரான்சில், வேறு வேறு அணிகளில். படை பின்வாங்கியபோது அப்பனுக்குத் தப்பிவரப் படகு கிடைத்தது. மகனுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு பதக்கமா என்று அவருக்கு இருந்தது. ஆனால் இந்த வருஷம் முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் நினைவுநாள் ஊர்வலத்துக்கு எல்லாவற்றையும் அணிந்து வரச் சொல்லிவிட்டார்கள். ஈடித் பெட்டியைப் பிரித்து, ஒரு நட்சத்திரப் பதக்கத்தையும் ஒரு வெள்ளிப் பதக்கத்தையும் மேஜைமேல் எடுத்து வைத்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பின்கதவு தட்டப்பட்டது. க்ளிஃபின் மனைவி நோரா, மகள் பாலினோடு வந்து நின்றாள். பத்து வருஷம் தனியாக இருந்தவள் போன மாதம்தான் லென் என்ற மின்வேலைக்காரனை மணந்திருந்தாள். வியாழக்கிழமை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கணும்னீங்களே, அத்தை" என்று அதே மாதிரி ஓர் அட்டைப்பெட்டியை நீட்டினாள்.

ஈடித் க்ளிஃபின் நட்சத்திரத்தை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரொட்டித்தூளை வழிப்பதுபோல மேஜையிலிருந்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, கையால் ஒரு கலக்குக் கலக்கினாள்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"எதுலயாவது பேரு இருக்கா? எது எம்புள்ளையோடதுன்னு காட்டிட்டு எடுத்துட்டுப் போ."

இரண்டு நட்சத்திரங்கள், இரண்டு வெள்ளிப் பதக்கங்கள். அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. முதல் போரில் கோவேறு கழுதை ஓட்டியவனுக்குக்கூடப் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். இந்தப் போரில் யாருக்கும் பொறிக்கவில்லை.

நோராவின் குரல் உடைந்தது. "இவ அப்பா மொகத்தைக்கூடப் பாத்ததில்ல. இவளுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"எனக்கு மட்டும் என்ன இருக்கு? எங்க பொதச்சாங்கன்னுகூடத் தெரியலயேடி!"

எர்னஸ்ட் குறுக்கே வந்தார். ஒரு நட்சத்திரத்தையும் ஒரு பதக்கத்தையும் எடுத்துப் பாலினின் கையில் வைத்து மூடினார்.

"இதுதான் உங்கப்பாவோடது. என்னோடதுல முனையில ஒரு கீறல் இருக்கும். எனக்குத் தெரியாதா?"

நோராவின் முகம் தெளிந்தது. "வரேன் மாமா" என்று அவசரமாக அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். மாமியாரைப் பார்க்காமலே பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

ஈடித் மிச்சமிருந்த நட்சத்திரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் எதுவும் இல்லை.

"இப்படிப் பொய் சொல்ல எங்க கத்துக்கிட்டீங்க?"

"பட்டாளத்துலதான்."

அவள் சிரிக்கவில்லை. அந்த நட்சத்திரத்தைத் தன் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

எர்னஸ்ட் மூன்று பதக்கங்களோடே ஊர்வலத்தில் நடந்தார். வாத்தியம் ஒரு தாளத்தில் போக, அவர் காலடி வேறு தாளத்தில் போனது. கொடுத்தது யாருடையது? தப்பி வந்தவனுடையதைக் கொடுத்துவிட்டேனோ? அந்தப் பிள்ளை கடல் தாண்டிப் போய், இன்னும் அறுபது வருஷம் அதைத் துடைத்துத் துடைத்து வைக்குமே!

நினைவுத்தூணடியில் நின்றார்கள். பதினொரு மணி அடித்ததும், போரில் இறந்தவர்களுக்கான இரண்டு நிமிட மௌனத்தில் ஊர் மொத்தமும் உறைந்தது. தொப்பிகள் கழன்றன. கடைவீதியில் வந்துகொண்டிருந்த பேருந்து எஞ்சினை அணைத்து நின்றது. அதன் ஜன்னலோரம் பாலின் இருந்தாள்.

அவர் வரிசையை விட்டு விலகினார். பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். எர்னஸ்ட் உதறிவிட்டு நடந்தார். அத்தனை பெரிய மௌனத்தில் அவருடைய பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. ஜன்னலுக்குக் கீழே போய் நின்று நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் பாலினும், அவளுக்குப் பின்னால் நோராவும். நோரா மெதுவாகத் தலையசைத்தாள். சொல்ல வேண்டாம் என்றா, தெரியும் என்றா? அவர் வாயைத் திறந்தார். அப்போது தூணடியிலிருந்து மௌனத்தை முடித்துவைக்கும் எக்காளம் எழுந்தது. ஓட்டுநர் எஞ்சினைக் கிளப்ப, அவர் கை வைத்திருந்த பேருந்தின் தகரம் முழுவதும் நடுங்கத் தொடங்கியது.