துடைப்பக்கட்டைத் தாளம்

வியன்னாவின் எட்டாம் வட்டாரத்தில், ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் ஹெர்மா தனியாக இருந்தாள். முப்பத்தொரு வருடம் ஓர் இசையரங்கில் வேலை. வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிவைப்பாள். எத்தனையோ சிம்பொனிகளைச் சாத்திய கதவுக்கு வெளியே நின்றே கேட்டவள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதவும் இல்லை. ரொட்டிக் கடையில் "அரை ரொட்டி போதும்" என்பதுதான் சில நாட்களில் அவள் பேசிய மொத்தப் பேச்சு.

காலை பதினொன்றரைக்கு மட்டும் கீழே ஆட்கள் வருவார்கள். ஹோல்சர் என்ற இசையமைப்பாளர் ஒரு குளிர்காலம் அங்கே குடியிருந்ததாக வாசலில் ஒரு கல் பதிக்கப்பட்டிருந்தது. பெரிய பெயரில்லை. ஆனாலும் இசையமைப்பாளர்கள் வாழ்ந்த வீடுகளை நடந்தே சுற்றிப் பார்க்கும் 'இசை நடை'க்கு வருகிறவர்களை, பச்சைக் குடையை உயர்த்திப் பிடித்து வரும் கிலியன் என்ற வழிகாட்டி அங்கே நிறுத்திவிடுவான்.

"மனுஷன் பொழுதன்னிக்கும் பியானோவப் போட்டு அடிப்பாராம். கீழ் வீட்டம்மா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, துடைப்பக்கட்டையால கூரையில டொக்கு டொக்குன்னு குத்துவாங்களாம். இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? அந்த டொக்கையே தாளமாக்கித் தன் சிம்பொனியோட மூணாம் பாகத்துல வச்சுட்டாரு!"

கூட்டம் சிரிக்கும். பிறகு எல்லோரும் அண்ணாந்து, அவள் நிற்கும் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஹெர்மாவுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். படாரென்று ஜன்னலைச் சாத்திவிட்டு, திரைக்குப் பின்னால் நின்று மிச்சத்தைக் கேட்பாள்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வழிகாட்டிக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்தாள். அடுத்த வாரம் ரொட்டி வாங்கப் போனபோது, அவனுடைய பச்சைக் குடை பக்கத்துத் தெருவில் போவதைப் பார்த்தாள்.

மறுநாள் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, நடை தொடங்கும் தேவாலய வாசலுக்குப் போய் அவளும் சீட்டு வாங்கினாள். கூட வந்தவர்கள் ஏழு பேர்.

"நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?" என்று ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி கேட்டாள்.

"இங்க பக்கத்துலேர்ந்துதான்."

அந்தப் பெண்மணி தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

ஹெர்மாவின் தெருமுனையில், அவள் தெருவுக்குள் போகாமல், குடை இடப்பக்கம் திரும்பியது. கிலியன் வேறொரு வீட்டின் முன் நின்று, வேறொரு இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லி, அதே துடைப்பக்கட்டைக் கதையைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது இந்த வீட்டுக் கதையில்லையே!" என்றாள் ஹெர்மா. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல், நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"ஐயோ, மாட்டிக்கிட்டேன்! உள்ளூர்க்காரங்களக் கூட்டிட்டு வந்தா இதான் வம்பு," என்றான் கிலியன். கூட்டம் இன்னும் அதிகமாகச் சிரித்தது.

நடை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, டிராம் நிறுத்தத்துக் கடையில் கிலியன் சாஸேஜ் தின்றுகொண்டிருந்தான். ஹெர்மா அருகில் போனாள்.

"ஹோல்சர் வீட்டுப் பக்கம் ஏன் போறதில்ல?"

"அங்க ரெண்டாம் மாடியில ஒரு அம்மா இருக்காங்க. நாங்க போய் நின்னாப் போதும், படார்னு ஜன்னலச் சாத்துவாங்க. ரெண்டு வருஷம் பாத்தேன். பாவம், தினமும் போய்த் தொந்தரவு பண்றோமேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அவங்க கோவத்துல சாத்தல."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"நான்தான் அது."

கிலியனின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "அட கடவுளே. அப்ப ஏம்மா சாத்துனீங்க?"

"எல்லாரும் மேல பாத்தாங்க."

"சும்மா கையாட்டியிருக்கலாமே!"

"பழக்கமில்ல."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "நான் இருந்தா நாளைக்கே வழிய மாத்திடுவேன். ஆனா இன்னியோட எனக்கு இங்க வேல முடியுது. கிராட்ஸ் ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார் வேல கெடச்சிருக்கு. அடுத்து வர்ற பொண்ணுகிட்ட சொல்லிப் பாக்குறேன்."

'அடுத்த வாரம் உனக்கும் ஒரு டிக்கெட் கொண்டாறேன்' என்று கோட்டை நீட்டியபடி சொல்லிவிட்டு மறந்துபோனவர்களை ஹெர்மா முப்பத்தொரு வருடம் பார்த்திருக்கிறாள். "சரிப்பா," என்றாள். டிராம் வந்தது. அவன் அவள் கையைக் குலுக்கிவிட்டு ஓடி ஏறினான்.

அவள் அங்கேயே நின்றாள்.

"வாங்குறதுக்கு நிக்கிறீங்களா, சும்மா நிக்கிறீங்களா?" கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "சும்மா காத்திருக்க இது டாக்டர் வீட்டுத் திண்ணை இல்ல."

"ஒரு சாஸேஜ் குடுங்க."

"தொட்டுக்க இனிப்புக் கடுகு சாஸா, காரக் கடுகு சாஸா?"

ஹெர்மா யோசித்தாள். எது வேண்டும் என்று அவளை யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. "காரம்."

முதல் வாயிலேயே கண்ணில் நீர் முட்டியது.

"அழாதீங்கம்மா, பாக்குறவங்க என் சரக்கத் தப்பா நெனைப்பாங்க."

"அழல. கடுகுதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள் கடைக்காரி. அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹெர்மா நின்றபடியே, அவசரமில்லாமல், சாஸேஜோடு கொடுத்த ரொட்டியின் கடைசித் துண்டு வரை தின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு மணி பார்த்தாள். ஒன்றரைதான் ஆகியிருந்தது; பொழுது சாய இன்னும் வெகுநேரம் இருந்தது.