பழைய பாஸ்வேர்டைக் கேட்கும் கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது மலையைப் பார்த்து அல்ல. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான ஒரு கையேட்டுப் பக்கத்தைப் படித்து. ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் யார் யார் நுழையலாம் என்பதை டைரக்டரி என்ற ஒன்று வைத்திருக்கும். அதில் பெயர், பதவி, போன் நம்பரையெல்லாம் நம் புரோகிராமே எழுதிவிடலாம். பாஸ்வேர்டை மட்டும் அப்படி எழுத முடியாது. டைரக்டரியின் சொந்த மெத்தடை, அதாவது அது தானே செய்து தரும் ஒரு வேலையை, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'நீயே மாற்று' என்று கேட்க வேண்டும்.

அப்படி இரண்டு மெத்தடுகள் உண்டு. 'சேஞ்ச் பாஸ்வேர்டு' முதலில் பழைய பாஸ்வேர்டைக் கேட்கும். அதாவது, உரியவர் சம்மதிக்க வேண்டும். 'செட் பாஸ்வேர்டு' எதையும் கேட்காது. கூப்பிடுகிறவருக்கு அதிகாரம் இருந்தால் போதும்.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதை எழுதுகிறவன் கையில் எப்போதும் இருப்பது இந்த இரண்டாவதுதானே?

2

தொடக்கம், முதல் முயற்சி: குன்னூரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் கெஸியா சன்னலோரம்—

வேண்டாம். குன்னூரில் மழை பெய்யாமல் வேறென்ன செய்யும்?

இரண்டாவது முயற்சி: டீ எஸ்டேட் கம்பெனி ஒன்றின் குன்னூர் அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவள் கெஸியா. அதே கம்பெனியின் அரவேணு ஃபேக்டரியில் வாசுகி எடை கிளார்க். அங்கே மூடியில்லாமல் ஓடிய, தேயிலையை உருட்டும் ரோலரில் ராசு என்ற தொழிலாளியின் வலது கை போய்விட்டது. மூடி இல்லை என்று முன்பே சொல்லியும் யாரும் கேட்கவில்லை என வாசுகி கம்பெனியின் இணையப் பக்கத்தில் புகார் எழுதிவிட்டாள். நாளை அரசின் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். அந்தப் புகார் இருந்தால்தான் ராசுவுக்கு நியாயம் கிடைக்கும். அதை வாபஸ் வாங்க வாசுகியின் லாகினால் மட்டுமே முடியும்.

இது போதும். மழை தானாக வந்துகொள்ளட்டும்.

3

மேனேஜர் கீர்த்திவாசன் (இவரை வில்லனாக்க ஆசைதான், மீசைகூட யோசித்து வைத்தேன், பாவம், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்) கெஸியாவின் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, அந்த வாசுகி பாஸ்வேர்டை மறந்துட்டாளாம். புதுசு போட்டு எங்கிட்டக் குடு."

"அவங்களே கேட்டாங்களுங்களா சார்?"

"நாந்தான் கேக்கறேனில்ல?"

கெஸியாவின் விரல்கள் நடுங்க—

அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் நடுங்குகிறவள் இல்லை; எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான். 'சேஞ்ச் பாஸ்வேர்டு' என்று கூப்பிட்டு ஒரு வரி எழுதி, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"பழைய பாஸ்வேர்டு கேக்குதுங்க சார்."

"அது கேக்காம இன்னொண்ணு இருக்குமில்ல?"

"இருக்குதுங்க. நான் போடமாட்டனுங்க. நீங்களே அவங்ககிட்டக் கேட்டுருங்க."

வாசுகிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"நான் ஒண்ணும் மறக்கலைங்க சார்," என்றாள் வாசுகி. "ராசு அண்ணன் இப்ப இடது கையால சோறு திங்கப் பழகுறாரு. ஒருவாட்டி எங்க லயத்து வீட்டுக்கு வந்து அதப் பாருங்க. பார்த்துட்டு அப்புறமும் கேக்கத் தோணுச்சுன்னா கேளுங்க."

(இந்த வசனம் என் திட்டத்தில் இல்லை. அவள் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது.)

4

முடிவுகள்.

அ) கீர்த்திவாசன் மனம் மாறுகிறார். நானே நம்பவில்லை.

ஆ) வாசுகி பயந்துபோய்ப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறாள். மூன்று பத்தி எழுதினேன். அதில் பேசியது வேறு யாரோ.

இ) நெட்வொர்க் போய்விடுகிறது. நீலகிரியில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அதுவும் யாரையும் கேட்காமல் நான் போடும் 'செட் பாஸ்வேர்டு'தான். மாட்டேன். அவ்வளவு அதிகாரம் கதைக்கு நல்லதில்லை.

ஆகவே நடப்பது நடக்கட்டும். கோவைத் தலைமை அலுவலகத்தில் கெஸியாவுக்கு இருக்கும் அதே அதிகாரத்தோடு இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வரி போதும், காலையில் புகார் இருக்காது. கீர்த்திவாசன் அவருடைய போன் எண்ணை அழுத்திவிட்டார்.

கோவையில் இருப்பவருக்கு நான் பெயர் வைக்கவில்லை, குணமும் கொடுக்கவில்லை. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தீர்களே, அது நீங்கள்தான்.

போன் அடிக்கிறது.